பார்த்ததைச் சொல்லுங்கள்: அன்றாட மனிதர்களைப் பாராட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா மருத்துவமனையில் இருந்த பதினொரு நாளும் ராத்திரித் துணைக்கு நான்தான் இருந்தேன். விடியற்காலையில் ஒரு அக்கா தரை துடைக்க வருவார். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அப்பாவின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் துடைப்பார். ஈரம் காயும்வரை அடுத்த கட்டிலைப் பார்ப்பார். பிறகு திரும்பி வந்து செருப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோதான் என் கண்ணில் பட்டது. அவர் வைக்கும்போது செருப்பின் முன்பக்கம் வெளியே பார்த்திருக்கும். அப்பா கட்டிலிலிருந்து காலை இறக்கினால் நேராகச் செருப்புக்குள் போய்விடும்.

"அக்கா, அப்பா செருப்ப நீங்க திருப்பி வைக்கிறதைப் பார்த்தேன். அவருக்குக் குனியவே முடியல. பெரிய உதவியா இருக்கு" என்றேன். துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ராத்திரி எந்திரிச்சா கால் தேடக் கூடாதுல்ல தம்பி" என்றார். அதற்கு முந்தைய நாட்களிலும் நான் அவரிடம் "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அந்த இரண்டு நன்றிக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். பாராட்டு என்றதும் வார்த்தையைத் தேடுகிறோம். முதலில் தேவைப்படுவது கண்.

முதலில், வாய் வராமல் போவது ஏன்?

மனசில் நன்றி இல்லாமல் யாரும் சும்மா இருப்பதில்லை. "நாம போய்ச் சொன்னா என்ன நினைப்பாங்களோ" என்ற தயக்கம்தான் தடுக்கிறது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் இந்தத் தயக்கத்தையே சோதித்துப் பார்த்தார்கள். தங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, படிப்பவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். பிறகு கடிதம் கிடைத்தவர்களிடமும் கேட்டார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு அங்கே சங்கடம் இல்லை. சந்தோஷமோ அவர்கள் நினைத்ததைவிட அதிகம். எழுதியவர்கள் "சரியா எழுதியிருக்கோமா" என்று மொழியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். படித்தவர்கள் பார்த்ததோ அதில் இருந்த அன்பை.

எரிக்கா பூத்பி, வனெஸ்ஸா போன்ஸ் இருவரும் முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி ஆய்வு செய்தார்கள். அதிலும் இதே கதைதான். கேட்பவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று சொல்பவர் பயப்படுகிறார். கேட்டவருக்கு அப்படி இல்லை. தயக்கம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மனம் போடும் கணக்கு பெரும்பாலும் குறைவாகவே வருகிறது.

படி 1: ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை யார் யார் கை பட்டு உங்கள் நாள் நடக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். குப்பை எடுப்பவர், பேருந்து ஓட்டுநர், வாசல் காவலர், பொட்டலம் கொண்டுவருபவர், குழந்தையைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிடுபவர், அலுவலகக் கழிப்பறையைச் சுத்தம் செய்பவர், ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடுபவர் என்று பட்டியல் நீளும். பத்துப் பேரில் நின்றுவிட்டால் இன்னொரு முறை யோசியுங்கள். நீங்கள் நேரில் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி மின்கம்பத்தில் ஏறியவரும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டவரும் அதில் உண்டு.

இவர்கள் எல்லோருக்கும் ஒன்று பொது. வேலை ஒழுங்காக நடந்தால் யாரும் இவர்களை நினைப்பதில்லை. நின்றுபோனால்தான் ஞாபகம் வரும், அதுவும் கோபத்தோடு. வருஷம் முழுக்க ஒருவர் காதில் விழுவது புகார் மட்டும்தான் என்றால் அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

பட்டியலில் உங்கள் வீட்டில் இருப்பவர்களும் வரட்டும். பலரும் அவர்களை எழுத மறந்துவிடுகிறார்கள்.

படி 2: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

பட்டியலிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரத்துக்கு எதுவும் சொல்ல வேண்டாம், பார்த்தால் போதும். அவசரப்பட்டு இதைத் தாண்டிவிடாதீர்கள். பாதிக்கு மேல் வேலை இங்கேதான் நடக்கிறது.

எதைப் பார்ப்பது? இந்த வேலையில் கட்டாயம் இல்லாத எதையாவது இவர் செய்கிறாரா? பல வருஷம் செய்தால் மட்டுமே கைக்கு வரும் லாவகம் எங்கே தெரிகிறது? யாரும் பார்க்காதபோதும் எதை ஒரே மாதிரி செய்கிறார்? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் கிடைக்கும்.

மழை நாளில் சில ஓட்டுநர்கள் பேருந்தைப் படிக்கட்டு தேங்கிய தண்ணீருக்கு நேராக வராதபடி இரண்டடி தள்ளி நிறுத்துவார்கள். ஏறுபவருக்கு அது தெரியவே தெரியாது, கால் நனையவில்லை என்பதுகூடத் தோன்றாது. ரத்தம் எடுப்பவர்களில் சிலர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பேச்சுக் கொடுத்துவிடுவார்கள். "இப்போ லேசா சுருக்குன்னு இருக்கும்" என்று அவர் சொல்லி முடிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். பூங்கா பெருக்குபவர் பெஞ்சில் தூங்கும் முதியவர் இருக்கும் பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். இதெல்லாம் எந்த வேலை விதியிலும் எழுதியிருக்காது. அந்த மனிதர் தானாக எடுத்த முடிவு. பாராட்ட வேண்டியது அந்த முடிவைத்தான்.

வாரம் முழுக்கப் பார்த்தும் எதுவும் தென்படவில்லையா? தினமும் நேரத்துக்கு வந்தார் என்பதே போதும். முப்பது நாளும் நேரத்துக்கு வருவது சாதாரணக் காரியம் இல்லை.

படி 3: பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள்

சட்டையில் குத்தியிருக்கும் அட்டையைப் படித்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும், உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. அதனால் முதலில் நம்மைச் சொல்லிவிடலாம்: "நான் மூணாவது மாடியில இருக்கேங்க, என் பேரு இது. தினமும் பார்க்கிறோம், உங்க பேரைக் கேக்கவே இல்ல." வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டு இப்போது கேட்பது தப்பா என்று நினைக்க வேண்டாம். அந்தத் தாமதத்தை அப்படியே ஒப்புக்கொண்டு கேட்டாலே போதும்.

நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது. "வா, போ" என்று பேசிவிட்டு எத்தனை நன்றி சொன்னாலும் அது மேலிருந்து கீழே இறங்குகிற நன்றியாகத்தான் இருக்கும். வயதில் சின்னவராக இருந்தாலும் "வாங்க, சொல்லுங்க" என்றே பேசுங்கள். "அண்ணா, அக்கா" என்று கூப்பிடுவது நல்லதுதான். ஆனால் பெயர் தெரிந்துகொள்ளாமல் தப்பிப்பதற்கு அது வழியாகிவிடக் கூடாது. "இந்தாப்பா", "ஏம்மா", விரல் சொடுக்குவது, கைதட்டிக் கூப்பிடுவது எல்லாம் இன்றோடு நிற்கட்டும்.

படி 4: வாக்கியத்தை அமையுங்கள்

மூன்று துண்டுகள் போதும். அவர் செய்ததில் நீங்கள் பார்த்தது ஒன்று. அதனால் உங்களுக்கோ மற்றவர்களுக்கோ என்ன ஆனது என்பது இன்னொன்று. மூன்றாவது, அத்தோடு நிறுத்துவது. இருப்பதிலேயே கஷ்டமானது இந்த மூன்றாவதுதான்.

"நீங்க ரொம்ப நல்லவங்க" என்று சொன்னால் கேட்பவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று மறுத்துவிடுவார். நல்லவர் என்பது தீர்ப்பு. தீர்ப்பை மறுக்கலாம், நடந்ததை எப்படி மறுப்பது? "நேத்து மழையில பொட்டலத்தை உள்ள தள்ளி வெச்சுட்டுப் போயிருந்தீங்க. எல்லாம் என் பொண்ணோட புத்தகம். ஒரு பக்கம்கூட நனையல" என்று சொல்லிப் பாருங்கள், மறுக்க அதில் எதுவும் இருக்காது. அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

சொன்ன பிறகு கூடவே ஒரு வேலை சொல்லாதீர்கள். "ரொம்ப நல்லா கழுவுறீங்க, அப்படியே மாடிப்படியையும் பாத்துக்கோங்க" என்றால் முதல் பாதி முழுக்கப் பொய்யாகிவிடும். கேட்க வேண்டியது இருந்தால் இன்னொரு நாள் கேட்கலாம்.

"நம்ம வீட்டுல யாரும் நன்றி சொல்லிக்க மாட்டோமே, அது வேத்து மனுஷங்ககிட்ட சொல்றதுதானே?" என்று ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான். எட்டு வெவ்வேறு மொழிக்காரர்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. தமிழ் அதில் இல்லை. கேட்டது கிடைத்தபோது வாய்விட்டு நன்றி சொன்னது சராசரியாக 20 தடவைக்கு ஒரு தடவைதான். சொந்தபந்தத்துக்குள் உதவி தானாகச் சுற்றி வருகிறது. இன்று நீ, நாளை நான். அங்கே வார்த்தை தேவைப்படவில்லை. ஆனால் தெருவைப் பெருக்குகிறவருக்கு நாம் என்றைக்குத் திருப்பிச் செய்யப் போகிறோம்? திரும்பிப் போகாத உதவிக்கு வார்த்தையாவது போய்ச் சேர வேண்டாமா?

வீட்டில் இருப்பவர்களிடம் "நன்றி" என்ற சொல் வேண்டாம் என்றால் விடுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "நான் தூங்கிட்டு இருந்தப்போ சத்தம் வராம கதவைச் சாத்திட்டுப் போனியே." அவ்வளவு போதும்.

படி 5: எப்போது சொல்வது

பின்னால் வரிசை நிற்கும்போது வேண்டாம். கை நிறையச் சுமையோடு படியேறுகிறவரை நிறுத்திப் பேச வேண்டாம். வேலை முடியும் நேரமோ, ஆள் இல்லாத இரண்டு நிமிஷமோ பார்த்துச் சொல்லுங்கள்.

நேரமே கிடைக்காத இடங்களில் கண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு, ஒரு வார்த்தை போதும். ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காபிக் கடைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினரைப் பணியாளரிடம் முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மற்றவர்களை வேலையை மட்டும் சட்டென்று முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பேசிவிட்டு வந்தவர்களுக்கு மனநிலை மேலாக இருந்தது, தாங்களும் இந்த இடத்தைச் சேர்ந்தவர்கள் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தது. கல்லாவில் நிற்கும்போது காதிலிருந்து போனை எடுத்துவிட்டால் இதில் பாதி நடந்துவிடும்.

படி 6: மேலே இருப்பவருக்கு எழுதுங்கள்

வாய்வார்த்தை அந்த நாளைக்கு. எழுத்து, வேலை உறுதியாவதற்கும் சம்பளம் உயர்வதற்கும், ஏதாவது புகார் வந்தால் எதிர்த்தட்டில் வைப்பதற்கும் பயன்படும். புகார் எழுத நமக்குத் தெரிகிறது. பாராட்டையும் அதே கறாரோடு எழுத வேண்டும்.

தேதி, நேரம், இடம், வண்டி எண் அல்லது பிரிவு, தெரிந்தால் பெயர் அல்லது பணி எண், நடந்தது மூன்று வரி, அதனால் ஆனது ஒரு வரி, கடைசியில் "இதை அவருடைய பணிப் பதிவேட்டில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பலமுறை ஒரு "நன்றி, மகிழ்ச்சி" பதிலோடு காரியம் முடிந்துவிடும். "மிகச் சிறந்த சேவை" என்பது போன்ற சொற்களுக்குப் பதிலாக நடந்ததை எழுதுங்கள்: "என் அம்மா சக்கர நாற்காலியில் இருந்தார். சரிவுப் பாதை பூட்டியிருந்தது. இவர் தன் வேலை இல்லாவிட்டாலும் சாவி இருப்பவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்." முடிந்தால் ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுங்கள். மேலே போனது கீழே வந்து சேரும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

இதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். ஒரு அலுவலகத்தில் நேரம் முடிந்த பிறகும் என் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட ஒருவரை மனசாரப் பாராட்டி எழுதினேன். "மூடும் நேரம் தாண்டியும்" என்றும் எழுதினேன். விதியை மீறி ஏன் வாங்கினீர்கள் என்று அவரிடம் விளக்கம் கேட்டுவிட்டார்கள். போய் மன்னிப்புக் கேட்டேன். "நல்ல மனசோடதான எழுதினீங்க" என்றார், ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னார். அதற்குப் பிறகு, யாராவது விதியை வளைத்து உதவியிருந்தால் நேரில் மட்டும்தான் சொல்கிறேன். எழுதுவதாக இருந்தால் அவருடைய பொறுமையை, பேச்சை, கவனத்தை எழுதுகிறேன். சந்தேகமாக இருந்தால் "இதை உங்க மேலதிகாரிக்கு எழுதலாமா?" என்று அவரையே கேட்டுவிடுங்கள்.

படி 7: அவர் வேலையைக் குறையுங்கள்

வாய் திறக்காமலே செய்யும் பாராட்டு இது. பேசக் கூச்சப்படுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

உடைந்த கண்ணாடியைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். தடித்த தாளிலோ அட்டைப்பெட்டியிலோ சுற்றி, ஒட்டி, மேலே பெரிதாகக் "கண்ணாடி" என்று எழுதுங்கள். பிளேடு, ஊசி எல்லாவற்றையும் மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போட்டு மூடுங்கள். குப்பையில் கை விடுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று பிரித்துவைப்பதால் ஒருவர் கையால் கிளறும் வேலை மிச்சமாகிறது.

பொட்டலம் வரும் நாளில் வீட்டு எண் தெரிகிறதா, வாசல் விளக்கு எரிகிறதா, நாய் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போன் அடித்தால் எடுங்கள். கவுன்டருக்குப் போகும் முன் காகிதங்களை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். கடை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அவசரம் இல்லாவிட்டால், நாளைக்குப் போங்கள். ஈரத் தரையில் நடந்துதான் ஆக வேண்டும் என்றால் காயட்டும் என்று ஒரு நிமிஷம் நில்லுங்கள், அல்லது ஓரமாகப் போங்கள். துடைத்தவர் கண்ணெதிரே நடு ஈரத்தில் நடப்பது ஒரு மனிதரின் வேலையைக் காலால் அழிப்பது.

தொலைபேசி உதவி மையத்தில் கோபம் வந்தால், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அந்த விதியை எழுதவில்லை என்பதை மனசில் வையுங்கள். "உங்க மேல கோபம் இல்லைங்க, பிரச்சனை இதுதான்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் புகாரைத் தொடருங்கள். புகாரின் பலம் அதனால் குறைந்துவிடாது.

படி 8: பணமும் பொருளும்

இதில் நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. தர வேண்டிய கூலியை நாள் தவறாமல் தருவதுதான் முதல் மரியாதை. அதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பரிசு கொடுக்காதீர்கள். வெளியாரிடம் எதுவும் வாங்கக் கூடாது என்ற விதி பல வேலைகளில் உண்டு, கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். நமக்கு வேண்டாத பழைய பொருளைக் கொடுப்பது வீட்டைக் காலி செய்வதுதான், பாராட்டு என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்

கேமராவைத் திறக்காதீர்கள். நீங்கள் உதவுவதையும் அவர் கண் கலங்குவதையும் படம் பிடித்துப் போட்டால், அவர் சம்மதித்திருந்தாலும், அந்தச் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று யோசியுங்கள்.

"இந்த வேலையிலும் இவ்வளவு நேர்மையா!" என்பது பாராட்டு போலத் தெரியும். அந்த "இந்த வேலையிலும்" குத்துகிறது. "நீங்க படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பீங்க" என்பதும் அப்படித்தான். அவர் படித்தவராகவும் இருக்கலாம். உடல், தோற்றம், உடை பற்றிய பாராட்டை, அதுவும் வேலை நேரத்தில் விலகிப் போக முடியாத ஒரு பெண்ணிடம், சொல்லவே சொல்லாதீர்கள். கஷ்டக் கதை கேட்டுத் தோண்டாதீர்கள்.

பதிலுக்குச் சிரிப்பையும் எதிர்பார்க்க வேண்டாம். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஆராய்ந்து, சம்பளத்துக்காக முகத்தில் ஓர் உணர்வை வரவழைத்துக்கொண்டே இருப்பதும் ஓர் உழைப்புதான் என்று 1983-இல் எழுதினார். உங்கள் பாராட்டுக்கு நன்றி காட்டும் வேலையையும் அவர் தலையில் ஏற்ற வேண்டாம். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 9: வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள்

"தினமும் ஒரு நல்ல காரியம்" என்று ஆரம்பித்தால் பத்தாம் நாளில் பல் தேய்ப்பது போல ஆகிவிடுகிறது. சோன்யா லுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2005-இல் எழுதிய ஓர் ஆய்வில் மாணவர்கள் 6 வாரம், வாரத்துக்கு 5 உதவிகள் செய்தார்கள். ஐந்தையும் ஒரே நாளில் செய்தவர்களுக்கு மனநிறைவு கூடியது. வாரம் முழுக்கப் பரப்பிச் செய்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. எனக்குச் சனிக்கிழமை. அந்த வாரம் பார்த்ததைக் குறித்துவைத்து, அன்று இரண்டு பேரிடம் பேசி, ஒரு கடிதம் எழுதுவேன். மற்ற நாட்களில் கவனிப்பதோடு சரி.

படி 10: பழைய கடன்

கடைசியாக, இப்போது உங்கள் நாளில் இல்லாதவர்கள். எழுத்து கூட்டிப் படிக்கத் திணறியபோது அதட்டாமல் இருந்த ஆசிரியர், முதல் வேலையில் உங்கள் தவறை எல்லார் முன்னாலும் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவர், பிரசவ அறையில் கையைப் பிடித்துக்கொண்டிருந்த செவிலியர். மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் 2005-இல், சரியாக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அப்படிச் செய்தவர்களிடம் மகிழ்ச்சி கூடியது, ஒரு மாதம்வரை அது அளவில் தெரிந்தது.

ஒரு பக்கம் எழுதினால் போதும். அன்று நடந்தது என்ன, உங்களுக்கு அப்போது என்ன வயது, அதனால் இன்று எங்கே நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். அவருக்கு உங்களை ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், அதனால் யார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் போனில் படித்துக் காட்டலாம். அவர் இப்போது இல்லை என்று தெரியவந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். அவருடைய மகனையோ மகளையோ தேடிக் கண்டுபிடித்துக் கொடுங்கள். தங்கள் அம்மாவோ அப்பாவோ வேலைக்குப் போன இடத்தில் எப்படி இருந்தார்கள் என்று பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது.